அந்தஸ்து யாருக்கு? – புதுச்சேரியின் மாநிலக் கோரிக்கையை ஒரு மலையிலிருந்து வாசித்தல்

'மாநில அந்தஸ்து' என்கிற சொற்சேர்க்கையை நாம் எப்போதாவது நிறுத்திப் படித்திருக்கிறோமா? உரிமை இல்லை, அதிகாரம் இல்லை, தன்னாட்சி இல்லை – அந்தஸ்து. நம் ஊர்ப்பக்கம் இந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். 'எங்க அந்தஸ்துக்கு இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங்க' என்று பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பும்போது புழங்குகிறது. மேலே இருப்பவர் பார்த்துக் கொடுப்பது, கீழே இருப்பவர் தொட்டுவிடாமல் காத்துக்கொள்வது – இரண்டு வேலையையும் இந்த ஒரு சொல்லே செய்கிறது. புதுச்சேரிச் சட்டமன்றம் பல ஆட்சிகளில், பல கட்சிகளும் கைதூக்கி, திரும்பத் திரும்ப நிறைவேற்றியிருக்கும் தீர்மானங்களில் இதுதான் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது. தில்லியைப் பார்த்து உச்சரிக்கப்படுகிற சொல் அது. அப்படிக் கேட்கிறவர் தனக்குக் கீழே இருப்பவருக்கு எதைக் கொடுத்திருக்கிறார் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் இடம் கிடையாது. நான் பேச நினைப்பது அந்தக் கேள்வியைத்தான்.

சேர்வராயன் மலையில் வாழவந்தியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் கடற்கரை ஊர் விவகாரம் என்று கேட்பீர்கள். நியாயம். நான் மலையாளி. கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்பவன் என்று எங்கள் பெரியவர்கள் பொருள் சொல்லும் மலையாளி. (ஆள்வது என்னவோ வனத்துறையும் காப்பி எஸ்டேட்டுகளும்தான்.) எந்த அலுவலகத்தில் சாதிச் சான்று கேட்டு நின்றாலும் 'கேரளாவிலே எந்த ஊரு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நகர வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதாக எங்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. தர்ஸ்டனும் அதை எழுதி வைத்திருக்கிறார். நிஜமான கேரளத்து மலையாளிகளை வைத்திருப்பது புதுச்சேரி – மாஹேயில். ஆனால் பெயர்ப் பொருத்தம் அல்ல என்னை இந்த விவாதத்துக்குள் இழுத்தது. புதுச்சேரிக்காரர்கள் எதைக் கேட்கிறார்களோ அது எங்களிடம் முழுசாக இருக்கிறது. நாங்கள் 'முழு மாநிலத்தில்' வாழ்கிறோம். அதற்கு மேலேயும் ஒன்று – ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. முழுமை என்றால் என்ன என்பதை அதற்குள் இருந்துகொண்டு சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

முதலில் கோரிக்கையின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விமர்சனத்துக்குள் நுழைவது தில்லிக்கு எடுபிடி வேலை பார்ப்பதாகிவிடும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பைப் 'புதுச்சேரி மக்களின் தீர்ப்பு' என்று பாடநூல்கள் சொல்கின்றன. வாக்களித்தவர்கள் 178 பேர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். இந்தியாவோடு இணைய 170, எதிர்த்து 8. இதே பிரெஞ்சிந்தியாவின் இன்னொரு துண்டான சந்திரநாகூரில் 1949 ஜூனில் ஜனங்களே நேரடியாக வாக்களித்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே பிரதிநிதிகள் மட்டும் போதும் என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்துக்கொண்டன. ஆக, புதுச்சேரியின் இந்தியக் கதையாடல் தொடங்குவதே ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பதில்தான். முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. ஜனங்களைக் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே முடிவுதான் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கேட்கப்படவில்லை என்பதுதான் செய்தி.

1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதில் அரசியல் சட்ட மாற்றம் எதுவானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்பே செய்யப்படும் என்றும் கூறுகிறது. நல்ல வாக்குறுதி. விருப்பத்தை எப்படி அறிவது, யார் அறிவது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. 1963இல் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர், மத்திய அரசு நியமிக்கக்கூடிய 3 பேர் கொண்ட சட்டமன்றம். அந்த மூன்றுதான் விஷயம்.

2016 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி புதுச்சேரியில் ஓரிடம்கூட ஜெயிக்கவில்லை. 2017இல் அக்கட்சியைச் சேர்ந்த மூன்று பேர் மாநில அமைச்சரவையின் பரிந்துரை இல்லாமலேயே நியமன உறுப்பினர்களாக உள்ளே வந்தார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லும் என்றது. வரவுசெலவுத் திட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்பதும் உறுதியானது. 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமி துணைநிலை ஆளுநர் மாளிகை வாசலில் இரவு பகலாகத் தரையில் உட்கார்ந்து தர்ணா செய்தார். 2021 பிப்ரவரி 22இல் அவர் ஆட்சி கவிழ்ந்தது. கட்சியின் சொந்த உறுப்பினர்களே ராஜினாமா செய்துவிட்டுப் போனதுதான் முதல் காரணம் என்றாலும், எண்ணிக்கை வாதத்தில் அந்த மூன்று கைகளும் இருந்தன. ஒரு ஓட்டுகூட வாங்காத கை ஓட்டு வாங்கிய கையோடு சேர்த்து எண்ணப்படுகிறது. இதற்கு மேல் ஒரு வாதமும் தேவையில்லை, இந்த அமைப்பு போக வேண்டும் என்பதற்கு.

'சின்ன ஊருப்பா, எதுக்கு மாநிலம்?' என்கிற கிண்டலை இதோடு விட்டுவிடலாம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் ஜனத்தொகை 12 லட்சத்தைத் தாண்டியது. சிக்கிமும் மிசோரமும் அதைவிடக் குறைவு. அவையெல்லாம் மாநிலங்கள்தான்.

நம் தமிழ்த்தேசிய நண்பர்கள் சிலர், மாநிலம் என்ன, தனி யூனியன் பிரதேசம் என்ன, தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டால் முடிந்தது என்கிறார்கள். இதைப் புதிய யோசனை போலச் சொல்வதுதான் வேடிக்கை. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது இதையேதான் சொன்னார். 1979 ஜனவரியில் புதுச்சேரி பற்றியெரிந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தமிழ் பேசும் ஜனங்கள் தமிழ்நாட்டோடு சேரமாட்டோம் என்று தெருவில் நின்றார்கள். மொழி ஒன்றென்றால் மனசும் ஒன்றாகிவிடும் என்ற பெருங்கதையாடலுக்குள் அந்த ஜனவரியைப் பொருத்த முடியவில்லை. எனவே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோவாவில் இதே கேள்வியை 1967 ஜனவரி 16 அன்று ஓட்டுச்சீட்டில் அச்சடித்து ஜனங்களிடம் கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். இருபது வருஷம் கழித்து 1987 மே 30இல் கோவா மாநிலமானது.

தனிநாடு? புதுச்சேரியில் அதை இன்று பொருட்படுத்திப் பேசுவோர் இல்லை. நம் பக்கத்தில் திராவிட நாடு கேட்டவர்கள் 1963இல் பிரிவினைத் தடைத் திருத்தத்தோடு அதை மடித்து வைத்துவிட்டு மாநில சுயாட்சிக்கு வந்தார்கள். 1971இல் ராஜமன்னார் குழு அறிக்கை வந்தது. ஆனால் பிரெஞ்சு ஆட்சி விட்டுவிட்டுப் போகாத ஓரிடத்தை இங்கே நினைவுபடுத்தலாம். பசிபிக்கில் நியூ கலிடோனியா. 2018, 2020, 2021 என மூன்று முறை விடுதலை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றாவதைக் கனாக் பூர்வகுடிகளின் விடுதலை இயக்கங்கள் புறக்கணித்தன. 2024 மே மாதம் அங்கே வெடித்த கலவரத்துக்கு உடனடிக் காரணம் தனிநாடும் அல்ல, மாநிலமும் அல்ல – வாக்காளர் பட்டியல். பின்னால் வந்து குடியேறியவர்களையும் சேர்த்துப் பட்டியலை விரிக்கப் பாரிஸ் முனைந்தது. யார் ஓட்டுப் போடுவது என்பதைத் தீர்மானிக்கிறவன் கையில்தான் முடிவு இருக்கிறது, வாக்கெடுப்பின் கேள்வி எதுவாக இருந்தாலும்.

வாக்காளர் பட்டியல் என்றதும் புதுச்சேரிக்கே திரும்புவோம். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் புதுச்சேரியில் இருந்துகொண்டே பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை ஒன்றுமில்லை, வாங்கிய உரிமை. ஆனால் அதே மண்ணில் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் கிடக்கிற இருளர் 2016 டிசம்பர் வரை பழங்குடியே இல்லை. இருளர் இருந்தார்கள், பட்டியல் இல்லை. எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம், விழுப்புரத்தில் இருக்கும் அவர்களின் மாமன் மச்சான் பழங்குடி. அந்தப்பக்கம் இருக்கிறவன் ஒன்றுமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படி. பட்டியல் வந்த பிறகும் வில்லி, வேட்டைக்காரன் உள்ளிட்ட இருளர் மட்டும் சேர்ந்தார்கள். காட்டுநாயக்கன், மலைக்குறவன் போன்றோர் வெளியேதான் நின்றார்கள்.

உள்ளாட்சி இன்னும் மோசம். புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். முப்பத்தெட்டு வருஷ இடைவெளி. 2006க்குப் பின் வந்த மன்றங்களின் காலம் முடிந்ததும் மறுபடியும் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. எந்தக் கட்சியின் பெயரையும் இங்கே தனியாக எழுத வேண்டியதில்லை. ஆண்ட எல்லாருக்கும் இதில் பங்குண்டு. 'தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் அதிகாரத்தை நியமிக்கப்பட்ட ஒருவர் பறிக்கிறார்' என்று தில்லியைப் பார்த்துச் சொல்கிற அதே வாய், வில்லியனூரிலும் பாகூரிலும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்களின் நாற்காலியில் அதிகாரியை உட்காரவைத்துவிட்டு வந்து பேசுகிறது. துணைநிலை ஆளுநர் முதலமைச்சருக்கு எதைச் செய்கிறாரோ அதை முதலமைச்சர் கொம்யூனுக்குச் செய்கிறார். (கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1871ஐ அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரலாம்.)

பிரதிநிதித்துவம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருப்பதை காயத்ரி ஸ்பிவாக் விளிம்புநிலையினரின் பேச்சு பற்றிய தன் கட்டுரையில் பிரித்துக் காட்டினார் – ஒருவருக்குப் பதிலாக நிற்பது வேறு, ஒருவரை இன்னார் என்று வரைந்து காட்டுவது வேறு. புதுச்சேரித் தீர்மானங்களின் பிரதியில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 'புதுச்சேரி மக்கள்' என்று ஒற்றை உருவம் வரையப்படுகிறது. வரைந்தவரே அதற்குப் பதிலாக நின்றும்கொள்கிறார். அந்த ஒற்றை உருவத்துக்குள் நான்கு ஊர்கள் இருக்கின்றன. 30 இடங்களில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கு 1, ஏனாமுக்கு 1. மாஹே 9 சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது, கேரளத்துக்குள் கிடக்கிறது. ஏனாம் ஆந்திரத்துக்குள் கோதாவரிக் கரையில். தலைநகரத்தில் எல்லாம் முடிந்துபோகிறது, எங்களுக்கு வந்து சேர்வதில்லை என்ற காரைக்கால்காரரின் புகாரைக் கேட்காதவர் இருக்க முடியாது. தில்லியைப் பற்றிப் புதுச்சேரி சொல்வதை, புதுச்சேரியைப் பற்றிக் காரைக்கால் சொல்கிறது. வாக்கியம்கூட மாறவில்லை.

கோவாவை உதாரணம் காட்டுகிறவர்கள் அதன் பின்பாதியையும் காட்ட வேண்டும். கோவா, டாமன், டையூ மூன்றும் ஒரே யூனியன் பிரதேசமாக இருந்தன. 1987இல் கோவா மாநிலமாகி மேலே போனது. டாமனும் டையூவும் சட்டமன்றம்கூட இல்லாத யூனியன் பிரதேசமாகக் கீழே விடப்பட்டன. பெரியண்ணன் வண்டி ஏறிவிட்டான், தம்பிகள் ரோட்டில். நாளை புதுச்சேரிக்கு மாநிலம் என்று வரும்போது மாஹேயும் ஏனாமும் என்ன ஆகும்? இதை எழுப்பினால் கோரிக்கையைப் பலவீனப்படுத்துகிறாய் என்கிறார்கள். ஒப்படைப்பு உடன்படிக்கை சொன்ன 'மக்களின் விருப்பம்' அந்த இரண்டு ஊருக்கும் தனித்தனியாக உண்டா இல்லையா?

இப்போது மலைக்கு வருகிறேன். முழு மாநிலம் கிடைத்தவர்களின் கதை இது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து நிலம் யாருடையது என்ற கணக்கு வேறு பாஷையில் எழுதப்பட்டது. பிறகு பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல வருஷம் இந்த மலையைத் தோண்டினார்கள். பழங்குடி கிராம சபையின் சம்மதம் வேண்டுமே என்று வெளியிலிருந்து வரும் தோழர்கள் கேட்பதுண்டு. அந்தச் சட்டம் 1996இல் வந்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் கிடையாது. ஒரு மலைகூட, ஒரு பஞ்சாயத்துகூட அட்டவணையில் இல்லை. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதியில் பழங்குடி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்குவிடக் கூடாதென்று 1997இல் சமதா வழக்கில் வந்த தீர்ப்பை நாங்கள் படிக்கலாம், பாராட்டலாம், அவ்வளவுதான். 2006 வன உரிமைச் சட்டமோ, தமிழ்நாட்டில் 2016 வரை பட்டா கொடுக்க முடியாதபடி நீதிமன்றக் கட்டுப்பாட்டில் கிடந்தது.

234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும் – இரண்டு. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஏற்காடு தொகுதியில் மலைக்குக் கீழே சமவெளி ஊர்களும் சேர்ந்திருக்கின்றன. ஓட்டின் எடை கீழே இருக்கிறது. ஆக வேட்பாளர் மலையிலிருந்து வருகிறார், அவரை ஜெயிக்கவைக்கும் கணக்கு கீழே போடப்படுகிறது. எங்கள் மக்களவைத் தொகுதியின் பெயர் கள்ளக்குறிச்சி. வாழவந்தியிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு என்ன உறவு என்று எங்கள் பெரியப்பா ஒருவர் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பார். 'இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் போயி, அங்கிருந்து பஸ்ஸு மாறிப் போயி மனு குடுக்கறதுக்குள்ள அடுத்த எலெக்‌ஷன் வந்துரும்டா.' 2016இல் முடிந்த உள்ளாட்சிக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. அதில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் போயின. புதுச்சேரியைக் குறைசொல்லத் தமிழ்நாட்டுக்கு வாய் இல்லை.

இதில் எனக்கு உறுத்தலாகவே இருப்பது கோடுகளின் வேலை. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன – தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கும் மலையாளிகள் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே. அதே சாமி, அதே கதை. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம், சான்று மட்டும் கிடைக்காது. 2023இல் நரிக்குறவரும் குருவிக்காரரும் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதும் இவர்கள் சேரவில்லை. புதுச்சேரி இருளருக்கு நடந்ததும் இதுவேதான். ஒரு ஆள் யார் என்பதை அவன் கால் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது முடிவு செய்கிறது. யூனியன் பிரதேசமானாலும் முழு மாநிலமானாலும் இந்தக் கோட்டைப் போடுகிற பேனா ஒன்றுதான்.

'அப்ப பழங்குடிகளுக்கே தனி மாநிலம் கேட்கலாமே' என்றார் ஒரு நண்பர். கேட்டார்கள், கிடைத்தது: 2000இல் ஜார்க்கண்ட். மாநிலம் பிறந்து பத்து வருஷம் கழித்து, 2010இல்தான் அங்கே முதல் பஞ்சாயத்துத் தேர்தல். 1996 சட்டத்துக்கான விதிகளை எழுத இருபது வருஷம் கடந்தும் ராஞ்சிக்கு மனசு வரவில்லை. கொடி மாறியது, கனிமம் போகிற லாரி மாறவில்லை.

இப்படியெல்லாம் எழுதுவது தில்லிக்குத்தானே லாபம் என்று கோபப்படும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் காரணமற்றதல்ல. 2019இல் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலம் இரவோடிரவாக இரண்டு யூனியன் பிரதேசங்களாக இறக்கப்பட்டது. சட்டமன்றமே இல்லாமல் விடப்பட்ட லடாக்கில் மாநிலமும் ஆறாவது அட்டவணையும் கேட்ட போராட்டத்தில் 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் நான்கு பேர் செத்தார்கள். மாநிலம் என்பது தில்லி நினைத்தால் பிடுங்கக்கூடிய பொருள் என்று தெரிந்த பிறகு, இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் லடாக்காரர்களின் கோரிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் புதுச்சேரி கவனிக்கவில்லை. அவர்கள் மாநிலம் மட்டும் கேட்கவில்லை. கூடவே ஆறாவது அட்டவணையையும் கேட்டார்கள் – அதாவது லேயிலும் கார்கிலிலும் இருக்கிற மன்றங்களிடமிருந்து நாளை வரப்போகும் மாநில அரசே நிலத்தைப் பிடுங்க முடியாதபடி. தங்களுக்குக் கிடைக்கப்போகிற அரசின்மீதே முன்கூட்டிக் கட்டுப்பாடு வைக்கச் சொன்னார்கள்.

புதுச்சேரி மாநிலமாக வேண்டும். நியமன உறுப்பினர் முறை போக வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தக் கோரிக்கைக்காக நம் எழுத்தாளர்கள் கையெழுத்துக் கேட்டால் போடுவேன், அடுத்த தீர்மானத்தில் அந்தஸ்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சில வரிகள் இருந்தால்: கொம்யூன் தேர்தலுக்கு ஒரு தேதி, மாஹேக்கும் ஏனாமுக்கும் தனித்தனி வாக்கெடுப்பு, பட்டியலுக்கு வெளியே நிற்கிற காட்டுநாயக்கன் குடும்பத்துக்கு ஒரு பதில். இவற்றுக்குத் தில்லியின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியது பாதிகூட இல்லை. கொம்யூன் தேர்தலை நடத்துவதைத் துணைநிலை ஆளுநர் வந்து முப்பத்தெட்டு வருஷம் தடுத்துக்கொண்டிருந்தார் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.